கேட் கீப்பர் தேவையில்லை

மணி எட்டைத் தாண்டிவிட்டது. நான் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மடியில் ரயில்வேயிலிருந்து வந்த கடிதம். நேற்று வந்தது. கடந்த ஆறு ஆண்டுகளில் மேற்படி கிராசிங்கில் விபத்து ஏதும் நிகழவில்லை, எனவே கேட் கீப்பர் நியமிக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஏன் நிகழவில்லை என்று ஒரு புண்ணியவானாவது யோசித்திருக்கலாம்.

நான் அங்கே நிற்கிறேன். அதனால் நிகழவில்லை.

எனக்குத் தொழில் வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பது. வெட்டி மிஞ்சிய சிவப்பு ரெக்ஸினை ஒரு கம்பில் கட்டி எடுத்துக்கொண்டு, தினமும் எட்டு பத்துக்கெல்லாம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். எட்டு இருபது ரயில் போன பிறகுதான் கடையைத் திறப்பேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வருவது அது ஒன்றுதான்.

அந்த இடத்தில் தண்டவாளம் ஒரு கிடங்குச் சுவரை ஒட்டி வளைகிறது. ரயில் கண்ணில் படுவதற்கும் மேலே வந்துவிடுவதற்கும் நடுவே ஒரு தும்மல் போடத்தான் நேரம் இருக்கும். ஹாரன் அடிக்காமல் இல்லை. பக்கத்து மர மில்லின் சத்தத்தில் அது யார் காதிலும் விழுவதில்லை.

மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. போன மாதம் நேரிலேயே போனேன். அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தையே எதிர்பார்த்தால் எப்படி, இரண்டு பக்கமும் பார்த்துக் கடப்பது அவரவர் பொறுப்பில்லையா என்று கேட்டார். உங்களைப் போல ஊருக்கு ஓர் ஆள் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை என்றார். தன் கையே தனக்குதவி என்று பழமொழியும் சொன்னார்.

பத்து வயதுப் பிள்ளை சைக்கிளில் வருகிறதே, அது எந்தக் கையை நம்பும் என்று கேட்க நினைத்தேன். வாயில் அவர் வாங்கிக் கொடுத்த டீ இருந்தது.

ஆக, கேட் வராமல் தடுப்பது நான்தான். சம்பளம் கேட்காத, லீவு கேட்காத ஓர் இளிச்சவாயன் இருக்கும்போது அவர்கள் ஏன் ஆள் போடப்போகிறார்கள்?

ஒரு நாள் நிற்காமல் இருந்து பார்த்தால் என்ன? யாருக்கும் உயிர் போக வேண்டாம். ஒரு சைக்கிள் நசுங்கினால் போதும். வேன்காரன் சடாரென்று பிரேக் போட்டு, உள்ளே இருக்கிற பிள்ளைகள் அலறினால் போதும். அப்போதாவது அவர்களுக்கு உறைக்கும்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

எட்டு ஏழுக்கு வாசலில் தபால்காரர் வந்து நின்றார்.

தபால் வருவது பதினோரு மணிக்கு மேல்தான். அவர் கையில் பை இல்லை, காலில் செருப்பும் இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்தக் கிராசிங்கில் செத்துப்போனது அவருடைய மகள். நான் அங்கே நிற்காமல் போன ஒரே நாள் அது. அதற்குப் பிறகு டேப் வைத்து அளந்தார்கள், நின்று கவனித்துச் செல்லவும் என்று ஒரு பலகை நட்டார்கள், போய்விட்டார்கள். இப்போது ஆறு வருடத்துக்குத்தான் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதில் அவள் சேரவில்லை.

அன்றைக்குக் காய்ச்சலில் என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை என்பது ஊருக்கே தெரியும். மூன்றாம் நாள், பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த அந்த மனுஷர்தான் எனக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். உங்க மேல தப்பில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கண்ணெதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினேன்.

இப்போது அவர் படியேறவில்லை. என் மடியில் இருந்த கடிதத்தைப் பார்த்தார்.

“அப்பவும் இதே மாதிரி ஒரு கவரை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், அண்ணே. மறுநாள் காலையிலதான் உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு. இன்னிக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். எத்தனை வருடமாக இதை மனதில் வைத்திருந்தாரோ, தெரியவில்லை. இத்தனை வருடமும் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் தலையசைத்துவிட்டுத்தான் போனார்.

காய்ச்சல் இல்லை என்றேன். அன்றைக்கும் இருக்கவில்லை என்றேன்.

நான் அடி வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

நேரமாகிவிட்டது, பிள்ளைகள் வந்துவிடும் என்று மட்டும் அவர் சொன்னார்.