அடுப்படியைப் பார்த்த ரேடியோ

“‘உங்க மாமனாருக்குக் காது கேக்கலைன்னா ரேடியோவ அவர் பக்கம் திருப்பி வைங்க. எதுக்கு என் ஜன்னலப் பார்த்துக் கத்த விடுறீங்க?’ இப்படியேதான் கேட்டாங்க எதிர் வீட்டு டீச்சர். நான் ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல.”

டீச்சரைப் போலவே மூக்கால் பேசிக் காட்டினாள். கணவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் பஞ்சாயத்தா என்று பார்த்தான்.

டீச்சரைச் சொல்லியும் குற்றமில்லை. மற்ற நாளில் மாமனார் வீட்டில் இருக்கிற இடமே தெரியாது. கோடை இசை விழா தொடங்கி, சாயங்காலக் கச்சேரிகளை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்ப ஆரம்பித்தால் போதும், கூடத்து மேஜையில் அது அலறும். அதுவும் அவரைப் பார்த்து அல்ல. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்படியைப் பார்த்து. அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே டீச்சர் டியூஷன் எடுக்கிற அறை.

இவளும் திருப்பி வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வருவதற்குள் பழையபடி அடுப்படியைப் பார்த்து நிற்கும்.

“பிடிவாதம்,” என்றான் கணவன். “இப்பல்லாம் பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. பெத்த மகன்னா அவ்வளவு இளக்காரம்.”

“காது கொஞ்சம் மந்தம்ங்க.”

“நேரா நின்னு கேட்டா மட்டும் டாண் டாண்ணு பதில் வருதே? அது வேணுங்கிறப்ப வர்ற மந்தம்.”

அவள் பெருமூச்சு விட்டாள். அடுப்புச் சூட்டிலும் அந்த இரைச்சலிலும் தினம் வேகிறவள் தான்தான் என்றும், பெரியவர் முகத்துக்காகப் பொறுத்துப் போவதாகவும் சொன்னாள். டீச்சரிடமும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். பொறுமைக்குப் பட்டம் கொடுத்தால் வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

பொறுத்துப் போகிறவள் கச்சேரி நேரம் பார்த்துத்தான், தாளத்துக்குத் தாளம் காய் நறுக்க நிற்பாள் என்பது, அவளுக்கும் அவள் கத்திக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

கான்வென்ட்டில் வயலின் படித்தவள். ரேடியோவில் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கிற சத்தம், அறிவிப்பாளர் குரலைத் தணித்துப் பேசுவது, கூட்டத்தில் யாரோ அடக்கி அடக்கி இருமுவது... இவ்வளவு கேட்டாலே போதும். பள்ளிக்கூட மேடைத் திரைக்குப் பின்னால், இரட்டைப் பின்னலும் வேர்த்த உள்ளங்கையுமாக நிற்கப் போய்விடுவாள்.

அந்த வயலின் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதைப் பற்றி இந்த வீட்டில் அவள் வாய் திறந்ததில்லை. எடுத்து வந்துதான் என்ன செய்ய? தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள இப்போது செல்போன் இருக்கிறதே.

மறுநாள் கணவன் ஒரு ஹெட்போனோடு வந்தான். செருகிவிட்டால் பாட்டு அப்பா காதுக்கு மட்டும்தான் போகும் என்றான்.

“உனக்கும் நிம்மதி. நீதானே தினம் வேகறே?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் என்ன சொல்வாள்? நல்லதாப் போச்சு என்றாள்.

மாமனார் ஹெட்போனை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். இழுப்பறையில் போட்டு மூடினார். மகனுக்குச் சுருக்கென்றது. நாளைச் சாயங்காலம் நீயே மாட்டி விடு, மாட்டேன்னா ரேடியோ பழைய சாமான் கடைக்குத்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் சாயங்காலம் ஹெட்போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாட்டுவதற்கு முன்னால், கடைசியாக ஒரு பாட்டு கேட்டுவிடலாம் என்று நறுக்கத் தொடங்கினாள்.

பாட்டு வரவில்லை. காலையில் மேஜை துடைத்தபோது துணி பட்டு ரேடியோ முள் நகர்ந்துவிட்டது போல. வேறு ஏதோ நிலையத்தில் ஒருவர் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். கடலில் பலத்த காற்று. அலைகள் உயரமாக எழும்பக்கூடும்.

மாமனார் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தலைகூட லேசாக ஆடியது.

காற்றுக்கும் அலைக்கும் தாளம் போடுகிற மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வந்த சிரிப்பில் கத்தி நின்றது.

அவர் விரலும் நின்றது.

மறுபடி நறுக்கினாள். விரல் தொடங்கியது. வேகமாக நறுக்கினாள். விரலும் ஓடியது. அவர் பார்வை ரேடியோ மேல் இல்லை, அவள் கை மேல் இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாமனார் கைதட்டினார்.

வானிலை வாசிக்கிறவருக்கு இந்த ஜென்மத்தில் கிடைத்த முதல் கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும். அவளால் சிரிக்க முடியவில்லை.

எத்தனை கோடையாக அந்தக் காதில் ஒன்றுமே விழவில்லையோ. இத்தனை நாளும் எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறார்.

கல்யாணமாகி வந்த முதல் கோடை நினைவுக்கு வந்தது. மாமனார் அறை ரேடியோவில் வயலின் கேட்டு, கரண்டியும் கையுமாக அறை வாசலில் நின்றுவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். மறுநாள் அவர் கட்டில் தலைமாட்டில் இருந்த ரேடியோ கூடத்துக்கு வந்திருந்தது, அடுப்படியைப் பார்த்து.

கை துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். முள்ளைச் சரியான இடத்துக்குத் தள்ளினாள். வயலின் வந்தது. ஹெட்போனை இழுப்பறையின் அடியில் போட்டு மூடினாள். எதிர் வீட்டு ஜன்னல் டப்பென்று சாத்திக்கொண்டது. சாத்தட்டும்.

அடுப்படிக்குத் திரும்பி, அவர் உதட்டைப் படித்துவிடாதபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள்:

“மாமா, இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க.”