திறந்துவிட்ட குழாய்

அப்பா கழிவறைக்குள் போனதும் குழாயை முழுதாகத் திறந்துவிடுவார். சிறுநீர் விட்டுவிட்டுச் சொட்டுவது வெளியே கேட்கக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முதுகெலும்பை எட்டியிருந்தது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஐம்பத்து நான்கு வயதில் மகன் எழிலரசனும் குழாயைத் திறக்கத் தொடங்கினான். "அப்பாவுக்கு இருந்திருக்கு. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு மூன்று மாதமாகச் சட்டைப்பையிலேயே கிடந்தது.

இன்று காலை மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை, குழாய்கள் வறண்டு கிடந்தன. கிணற்றில் இறைத்த வாளியோடு வந்தான். கழிவறை உள்ளே தாழிட்டிருந்தது, குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரங்க உள்ளயே இருப்பீங்க?" சமையலறையிலிருந்து மனைவி கத்தினாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் குழாய் நின்றது. ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"இதோ, வந்துட்டேன்."

உள்ளிருந்து கேட்டது, வாளியோடு வெளியே நின்ற எழிலரசனின் குரல்தான். தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.