உடையாத விளாம்பழங்கள்

ஆடிக் காற்று யானையின் தோப்பை ஒரே நாளில் சாய்த்துவிட்டது. காட்டிலேயே பெரிய தோப்பு அது. மூன்று நாளாக யானை பட்டினி என்று கேள்விப்பட்டதும் முயலுக்கும் கௌதாரிக்கும் கவலை வந்துவிட்டது.

"இல்லாதவங்க நாம. அவருக்கு என்னத்தைக் கொண்டுபோறது?" என்றது கௌதாரி.

"போகாம இருந்தா அடுத்த பஞ்சத்துல நம்மளை நினைப்பாரா? வெறுங்கையோடயும் போக முடியாது," என்றது முயல்.

வளையில் இருந்தவை ஏழு விளாம்பழங்கள்தான். கோடைப் பஞ்சத்தில் யானையே அனுப்பியவை. முயலின் பல்லுக்கும் கௌதாரியின் அலகுக்கும் அந்த ஓடு அசையவே இல்லை. பெரியவர் மனம் நோகுமே என்று அப்போது நன்றி மட்டும் சொல்லி வைத்திருந்தன.

"அவர் கொடுத்ததையே திருப்பிக் கொடுக்கிறோம்னு கண்டுபிடிச்சிட்டா?" குஞ்சைக் கூட்டிக்கொண்டு நடந்த கௌதாரி வழியெல்லாம் இதையே கேட்டது.

யானை எதையும் கண்டுபிடிக்கவில்லை. காலால் மிதித்து உடைத்து ஏழையும் தின்று முடித்தது. அதன் கண் கலங்கிவிட்டது.

"கரடி தேனடை கொண்டுவந்தான், நரி கறி கொண்டுவந்தான். எனக்குப் பிடிச்சது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"கோடையில நீங்க குடுத்ததுதானே ஐயா இது," என்று முயல் உளறிவிட்டது.

யானை காலடியில் கிடந்த ஓடுகளைப் பார்த்தது. "அப்போ கோடையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

கௌதாரி ஐந்து குஞ்சுகளில் மிஞ்சிய அந்த ஒன்றை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.