கொடியுறை

"உறை எங்கய்யா?" அணிவகுப்பு மைதானம் முழுக்கச் சிப்பாய்கள் தேடுகிறார்கள். தலைமையகப் படைப்பிரிவு இன்று கடல்கடந்து போகிறது. கொடியைச் சுருட்டி உறையிலிட்டால்தான் புறப்பாடு. அந்த உறை பதினைந்து வயது டெலேனியின் குளிர்சட்டைக்குள் நெஞ்சோடு கசங்குகிறது. ஒளித்துவிட்டால் அப்பா தங்கிவிடுவார் என்று நினைத்தாள். "என்னப்பா ஹால்வர்சன், போருக்கு முன்னாடியே துணியப் பறிகொடுத்துட்டியா?" என்று சக சார்ஜென்ட் அப்பாவைச் சீண்டுகிறான். கொடி ஏந்தி நிற்கும் அப்பாவின் காது சிவக்கிறது. ஆனாலும் கம்பின் உச்சியில் சிக்கிய பழைய போர்களின் நினைவு நாடாக்களை, ஒவ்வொன்றாக, வலிக்காமல் கோதிப் பிரிக்கிறார். கான்சஸின் வெளிறிய வெயிலில் அவை பளபளக்கின்றன. இவள் தலைமுடியை அவர் ஒருநாளும் அப்படிக் கோதியதில்லை. அப்பா அவள் சட்டைப் புடைப்பைப் பார்த்துவிடுகிறார். அருகில் வந்து, திட்டாமல், குனிந்து கேட்கிறார்: "டெல், இந்தக் கொடி மேல உனக்கு என்னம்மா கோபம்?"