ஆறு மணி கோர்ட்டுக்கு நாலாவது ஆள்

“உங்களுக்கு எந்தச் சாஸ்தாவாக்கும்?”

கையில் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் தாணுமாலையன் முதலில் கேட்டது இதைத்தான். ஷட்டில் விளையாட ஆள் தேடி வந்தவர் கேட்கிற கேள்வியா இது? அவரைப் பொறுத்தவரை இதுதான் கேள்வி. மற்றதெல்லாம் பிறகு.

திருவனந்தபுரம் கரமனையில் அவர்களுக்குக் காலை ஆறு மணி கோர்ட். தாணுமாலையன், சித்தப்பா மகன் கோமதிநாயகம், கோமதிநாயகத்தின் தம்பி, தாணுமாலையனின் மகள் அஞ்சு. நாலு பேரும் ஒரே குலதெய்வச் சாஸ்தாவைக் கும்பிடுகிற ஒரே வகையறா.

அங்கேதான் வந்தது வினை.

போன மாசியில் சுசீந்திரத்தில் ஒரு பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். ஒரே வகையறா என்பதால் நாலு பேருக்கும் ஒன்றாகப் பதினாறு நாள் தீட்டு. துஷ்டி வீட்டுக்காரன் அரைக்கால் சட்டையோடு குதித்துக் குதித்துப் பந்தடித்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வீட்டிலேயே கிடந்தார்கள்.

ஒரு வாரம் ஒருத்தராவது வந்து நிற்காவிட்டால் நேரம் கைமாறிவிடும் என்பது கோர்ட்டின் சட்டம். யாரோ வங்கிக்காரர்கள் ஆறு மணியைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

தாணுமாலையன் செருப்புத் தேய அலைந்துதான் அதைத் திரும்ப வாங்கினார். இன்னொரு தரம் விட்டால் அவ்வளவுதான். வகையறாவிலோ எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். இந்த நேரம் பார்த்து அஞ்சுவும் ராக்கெட்டைப் பொன்முடி போன பஸ்ஸில் தொலைத்துவிட்டு, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

நாலாவது ஆள் வேண்டும். அவன் வேறு சாஸ்தாவாக இருக்க வேண்டும்.

கேட்ட பக்கமெல்லாம் கையை விரித்தார்கள். தாணுமாலையன் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் கூட்டாளி ஒரு பந்தை விட்டால் அவர் திட்டுகிற திட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

கடைசியில் அஞ்சுவே ஒரு ஆளைச் சொன்னாள். ஆபீசில் கூட வேலை பார்க்கிற வினீத். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், வீடு இரண்டு தெரு தள்ளி. நேரே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள்.

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சாஸ்தா தாமிரபரணிக் கரையில் என்றாள் வினீத்தின் அம்மா பாகீரதி. சுத்தமாக வேறு. தாணுமாலையன் ஒரே மூச்சில் தண்ணீரைக் குடித்தார்.

பிறகு மளமளவென்று கேட்டார். குடி, சிகரெட்? கிடையாது. வெளிநாடு போகிற எண்ணம்? திருவனந்தபுரத்தை விட்டு நகரமாட்டான். ராத்திரி வேலை? இல்லை. காலையில் எழுந்திருப்பானா? விடியுமுன் குளித்துவிடுவான் என்றாள் பாகீரதி. வினீத் தலையைக் குனிந்துகொண்டான்.

முழங்கால் எப்படி என்று கேட்டபோது மட்டும் அவள் கொஞ்சம் திகைத்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

கேசரி வந்தது. வடை வந்தது. பாகீரதி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஷட்டிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற குடும்பம் இந்த ஊரில் இருப்பதே தாணுமாலையனுக்குத் தெரியாது.

வினீத்தின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். செலவைப் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம், வேறொன்றும் தங்களுக்கு வேண்டாம் என்றார். தாணுமாலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. இறகுப் பந்து விற்கிற விலையில் கோமதிநாயகம் இதுநாள்வரை சொல்லாத வார்த்தை.

எல்லாம் திருப்தி. ஆட்டம் வருமா என்பதுதான் பாக்கி. தம்பி, உன் ராக்கெட்டை எடுத்துவா என்றார்.

வினீத் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவன் மெதுவாக உள்ளே போய் எடுத்து வந்தான்.

கைப்பிடியின் அடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப். அதன்மேல் சுசீந்திரம் கோயில் சிவப்புக் கயிறு, மூன்று முடிச்சு. மூன்றும் தாணுமாலையன் தன் கையால் போட்டவை. பொன்முடி பஸ்ஸில் தொலைந்த ராக்கெட்.

பாகீரதி சிரித்துவிட்டாள். “அப்பா நேரா விஷயத்துக்கு வரமாட்டாங்க, பந்து களிக்கிற காரியம்தான் பேசுவாங்கன்னு அஞ்சு நேத்தே சொல்லியாச்சு. அதாக்கும் நாங்களும் ஒண்ணும் கேக்கல்லை. பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

தாணுமாலையன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

வந்த வரன்களையெல்லாம் அஞ்சு ஏன் தட்டிக்கழித்தாள் என்பது இப்போது விளங்கியது. கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரு குறையாவது கண்டுபிடித்து எழுந்து போய்விடலாமென்று பார்த்தார். சாஸ்தா வேறு, அண்ணன் தங்கை முறை வராது. கெட்ட பழக்கம் கிடையாது. ஊரைவிட்டுப் போகமாட்டான். முழங்கால்கூட நன்றாக இருக்கிறது. அத்தனையையும் கேட்டவர் அவரேதான். அப்பனைப் பெண்ணுக்குத் தெரியாதா? கெட்டிக்காரி என்று நினைத்தபோது கோபத்தோடு கோபமாகப் பெருமையும் வந்து தொலைத்தது.

அதோடு, கல்யாணமாகிவிட்டால் அஞ்சுவும் தாமிரபரணிச் சாஸ்தாவுக்குப் போய்விடுவாள். அடுத்த துஷ்டிக்குக் கோர்ட்டில் நிற்க ஒருத்தருக்கு இரண்டு பேர்.

ஒரே ஒரு சங்கடம்தான். கூட்டாளியைத் திட்டலாம். மருமகனை?

தாணுமாலையன் ராக்கெட்டை மடியில் வைத்து, தளர்ந்திருந்த முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு எழுந்து நின்று அதை இரண்டு கையாலும் வினீத்திடம் கொடுத்தார்.

“நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்கு வந்துருங்க, மாப்பிள்ளே. பந்து போனாப் போகட்டும்.”