ஓடும்போது தூக்கியது யார்?

“இது விசிறிச் சத்தம் இல்லை” என்றார் மதுரையிலிருந்து வந்த என்ஜினியர் சுந்தர்ராஜ்.

மூடியைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் காதை வைத்துக் கேட்டார். டக்... டக்... டக்.

“பேரிங் போயிருச்சா?”

கேட்டவர் பஞ்சு ஜின்னிங் மில் முதலாளி கருத்தக்கண்ணன். எந்த மிஷின் சத்தம் மாறினாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வியாதி அதுதான்.

“ஹார்டு டிஸ்க் போயிருச்சு. உள்ள தட்டு சுத்தும். அதுக்கு மேல மயிரிழை உயரத்துல ஊசி மாதிரி ஒண்ணு ஓடும். ஓடும்போது பெட்டியைத் தூக்கினா தட்டுல இடிச்சிரும். யாரோ தூக்கியிருக்காங்க.”

முதலாளி திரும்பினார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“ஏம்மா ஜெபராணி! உன்னை நம்பித்தானே இம்புட்டுப் பெரிய மிஷினைக் குடுத்தேன்? ஒழுங்கா வச்சிருக்கத் தெரியாதா?”

ஜெபராணிதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மில் ஆபீசில் வேலைக்கு வந்த முதல் பெண் அவள். பழனிசெட்டிபட்டியில் அப்பா படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

“பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு நான் அப்பவே சொன்னேன் முதலாளி” என்றார் கணக்குப்பிள்ளை ராக்கையா. இதற்காகவே ஆறு மாதமாகக் காத்திருந்தவர்.

“கணக்கெல்லாம் பிளாப்பியில காப்பி இருக்கா?” என்று கேட்டார் என்ஜினியர்.

“இருக்கு சார். தினமும் எடுத்துருவேன்.”

“தப்பிச்சீங்க. ஆனா ரிப்போர்ட்ல ஆபரேட்டர் தப்புன்னுதான் எழுதணும். முதலாளி, வேற ஆளைப் பாருங்க.”

“சார்... அன்னைக்கு மேசையைத் துடைக்கறதுக்காக நான்...” என்று ஆரம்பித்தாள் ஜெபராணி.

“நீ சும்மா இரும்மா!” முதலாளி அதட்டினார். பிறகு என்ஜினியரைப் பார்த்தார். “தூக்குனது நாந்தான்.”

“நீங்களா?”

“ஆயுத பூஜை அன்னைக்கு. கிழக்க பாத்து இருக்கட்டுமேன்னு ஓட ஓடத் தூக்கித் திருப்பி வச்சு, சந்தனம் பூசிச் சூடம் காமிச்சேன்.”

என்ஜினியர் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். “பொட்டைக் காணோமே?”

“தொடைச்சாச்சு.”

ராக்கையா வாயைத் திறந்தார். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

“பஞ்சு மிஷினுக்குப் போடற பூஜையை இதுக்குமா போடுவீங்க? படிச்சவங்க யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

என்ஜினியர் சிரித்துச் சிரித்துப் புத்தி சொன்னார். மில்லையே அதட்டி நடத்துகிற மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

வேறு டிஸ்க் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு என்ஜினியர் பஸ் ஏறப் போனார். ஜெபராணி கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனாள்.

ராக்கையாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“ஏன் முதலாளி, உங்க பெரியப்பாரு இறந்த தீட்டுன்னு இந்த வருசம் மில்லுல பூஜையே போடலியே?”

“அதான் இன்னைக்குப் போட்டுட்டேன்ல? போயி வேலையைப் பாருய்யா.”