பதினேழாம் கடிகாரம்

“நம்ம கோகிலன் செஞ்ச பதினேழாம் நம்பர் கடிகாரம் பதினோரு நாள் கடல்ல கெடந்துச்சு. மேல எடுக்கறப்போ ஒரு நொடிகூடப் பிசகாம ஓடிக்கிட்டு இருந்துச்சு லா,” என்றார் அந்தோணிராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அவருக்கு அதுவே பெரிய அவமானம்.

முப்பத்திரண்டு வருடம் ஃபெர்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்தோணிராஜ். அவர் இதுவரை விட்ட கதைகளை வரிசையாக அடுக்கினால் பினாங்குக்கு மூன்றாவது பாலம் போட்டுவிடலாம். ஆனால் இந்தக் கதையில் அந்தப் பதினோரு நாள் மட்டும்தான் அவருடைய சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் தெலுக் பாஹாங் மீன்காரர் ஒருவர் சொன்னது. கடலில் மீன் வளர்க்கும் கூண்டின் மிதவையில் ஐந்தாம் நாள் கிடைத்ததாம், ஓடிக்கொண்டிருந்ததாம். பாதி கேட்டதுமே அந்தோணிராஜ் கிளம்பிவிட்டார். மீதிக் கதையை அவர் எப்போதுமே அடுத்தவரிடம் வாங்குவதில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஷேக் அலாவுதீனின் கடை மாடியில் கடிகாரம் சேர்ப்பவர்கள் கூடியிருந்தார்கள். வெளியே காலையிலிருந்து மழை. பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மேசையில் விரித்த கறுப்பு வெல்வெட் துணியின் மேல் ஐந்து கைக்கடிகாரங்கள். திருகாணி முதல் முள் வரை எல்லாம் கோகிலன் தன் கையால் செய்தவை. வருடத்துக்கு மூன்றுக்கு மேல் அவனால் செய்ய முடியாது.

எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள், அழகு என்றார்கள், அப்படியே வைத்துவிட்டார்கள். பெயரில்லாத ஆள் செய்தது எத்தனை நாள் உழைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு மணி நேரமாக ஆர்டர் நோட்டில் ஒரு பெயர்கூட விழவில்லை. இன்றும் விழாவிட்டால் பட்டறையை மூடிவிட்டுத் திங்கட்கிழமை புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் சேர்ந்துவிடுவதாகக் கோகிலன் முடிவு செய்திருந்தான். இழவு வீட்டில் வரவேற்க நிற்பவனைப் போல மேசையோரம் நின்றான். புக்கிட் மெர்தாஜாமில் ஒன்பது வருடமாக அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அந்தோணிராஜ். அவரால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கதையை அவிழ்த்துவிட்டார்.

தினமும் ஒரு கெளுத்தி மீன் வந்து மணி பார்த்துவிட்டுப் போனது என்றார். அது ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு வருத்தம் தெரிவித்தது என்றார். இப்போது இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கிறிஸ்டல் என்ற பெண் பேனாவையே எடுத்துவிட்டாள்.

“ஓடியிருக்காது. நின்னுதான் போயிருக்கும்.”

பின்னால் நாற்காலியில் இருந்தவர் சொன்னார். முதல் முறையாக வந்திருப்பவர். வாசலில் சுகுமாரன் என்று பெயர் சொல்லியிருந்தார். வந்ததிலிருந்து ஒரு கடிகாரத்தையும் தொடவில்லை. நனைந்த சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அலாவுதீன் தொண்டையைச் செருமினார். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சந்தேகம் கிளப்பிவிட்டால், அது தீரும்வரை யாரும் பெயர் எழுதக் கூடாது. கிறிஸ்டல் பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்தோணிராஜ் மனதுக்குள் அந்த மனிதரை ஃபெர்ரியிலிருந்து கடலில் தள்ளினார். பிறகு பசாரில் மீன் பேரம் பேசுவதுபோல இறங்கி வந்தார். பதினொன்று ஒன்பதாயிற்று, ஒன்பது ஏழாயிற்று.

“சரி, அஞ்சு நாளு. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன் லா.”

சுகுமாரன் அவரைப் பார்க்கவே இல்லை. கோகிலனிடம் கேட்டார்: “கையில கட்டாம வச்சா எவ்வளவு நேரம் ஓடும்?”

“நாப்பது மணி நேரம்ண்ணே. உள்ள ஒரு எடை இருக்கு. கை அசைய அசைய அது சுத்தி ஸ்பிரிங்க முறுக்கும். அசைவு இல்லேன்னா நின்னுடும்.”

“அலையில ஆடினா? அதுக்கும் முறுக்கும்ல?”

சந்தேகப்படுகிறவர் கேட்கிற மாதிரி இல்லை அது. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுவது போல இருந்தது. அந்தோணிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கிடைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த மிதவையைத் தூக்கியடித்தது சாதாரண அலையா, தென்னை மர உயரம் என்று ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் கோகிலனின் காலை மிதித்தார்.

கோகிலனுக்குப் பொய் வராது. அவனுக்கு இருந்த பெரிய குறையே அதுதான்.

“மிதவை மெதுவாத்தான் ஆடும்ண்ணே, அது பத்தாது. அஞ்சாம் நாள் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னா, மூணாம் நாள் வரைக்குமாவது யாரோ கையில கட்டி அசைச்சிருக்கணும்.”

கடலுக்குள் யாருடைய கை என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. அந்தோணிராஜ் தலை குனிந்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஓரளவு உண்மையைச் சொல்லி, அதில் போய்த் தோற்றிருந்தார். கோகிலன் ஒவ்வொரு கடிகாரமாகத் துடைத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினான். அலாவுதீன் நோட்டை மூடப் போனார்.

சுகுமாரன் எழுந்து வந்து அதன்மேல் கையை வைத்தார்.

“மூடாதீங்க பாய், அவரு சொன்னது நெசந்தான். அஞ்சாம் நாள், மிதவையைப் புடிச்சபடி கெடந்த என் மகன் கையிலேர்ந்து நான்தான் அதைக் கழட்டினேன், ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு,” என்றார். “ரெண்டாம் நாளே, தேடினது போதும், படகைத் திருப்புங்கன்னு சொன்னதும் நான்தான்.”